கோயில் கூரைக்குப் பணம் எங்கிருந்து? வேலூர்ப் பக்கத்துப் பங்குகளுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் நம் வேலூர்க் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் பல பங்குகளில் (பங்கு என்றால் ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கிறித்தவக் கோயிலும் அதன் குடும்பங்களும்) ஒரே பேச்சுதான். கோயில் ஒழுகுகிறது, பீடத்துக்கு மேலே காரை பெயர்ந்து விழுகிறது, மணிக்கூண்டில் விரிசல், என்ன செய்யலாம்? பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒருவர் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடலாம் என்பார், இன்னொருவர் அரசு மானியம் தருகிறார்களாமே என்பார், வெளிநாட்டில் வேலை செய்கிற நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்கலாம் என்று ஒரு குரல் வரும், கடைசியில் யாராவது ஒருவர் இதை இடித்துவிட்டுப் புதிதாகவே கட்டிவிடலாம் என்று சொல்ல, பாதிப்பேர் முகம் மலர்ந்துவிடும். வேலூருக்குப் பக்கத்தில் ஒரு பங்கின் நிதிக்குழுவில் நான் சில ஆண்டுகள் இருந்தேன். இந்த எல்லா யோசனையும் அங்கே வந்தது, சிலவற்றைச் செய்தும் பார்த்தோம். எந்த வழி எந்தப் பங்குக்குப் பொருந்தும் என்று என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய தொகை ஒருமுறை கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. மக்கள் கோயிலுக்கு என்றால் கொடுப்பார்கள், எப்போதும் கொடுத்திருக்கிறார்கள். கிடைக்காதது வருடாவருடம் கூரைக்கென்றே ஒதுக்கிய சிறிய பணமும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தர ஆளும்தான். அதனால் ஒரு வழியை எடைபோடும்போது "எவ்வளவு வரும்?" என்பதோடு "அடுத்த வருடமும் வருமா, பங்குத்தந்தை மாறினாலும் நிற்குமா?" என்றும் கேட்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கோயில் என்றால் அரசுத் துறை பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் சிலருக்கு இருக்கிறது. இந்துக் கோயில்களுக்கு அறநிலையத் துறை இருக்கிறது, பள்ளிவாசல் சொத்துகளுக்கு வக்ஃபு வாரியம் இருக்கிறது, நமக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பிரான்சில் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு முந்தைய பங்குக் கோயில்கள் பெரும்பாலும் உள்ளாட்சியின் சொத்து, கூரை ஒழுகினால் ஊராட்சிதான் முன்னால் வர வேண்டும். ஜெர்மனியில் வருமான வரித் தொகையில் 8 அல்லது 9 விழுக்காட்டை அதோடு சேர்த்தே திருச்சபை வரியாகப் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலைப் போல நம் பக்கத்தில் பிரெஞ்சு சாமிமார் எழுப்பிய கட்டடங்கள் இருக்கின்றன; கட்டும்போது வெளிநாட்டிலிருந்து காணிக்கை வந்தது, பராமரிக்க அந்த நாட்டு ஏற்பாடு எதுவும் கூடவே வரவில்லை. 1952-இல் வேலூர் மறைமாவட்டம் உருவானபோது பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் கட்டடங்கள் அதன் பொறுப்புக்கு வந்தன. இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டமாகப் பிரிந்த பிறகும் மறைமாவட்டம் ஒன்றுதான். ஆயர் இல்லத்திலிருந்து எல்லாக் கூரைக்கும் பணம் வரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதை அடிமட்டத்தில்தான் வைக்கிறது. பங்கு என்பது சட்டத்தின் பார்வையில் ஒரு தனி நபரைப் போன்றது, அதன் சார்பில் நிற்பவர் பங்குத்தந்தை. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 537-ஆம் எண். கோயிலையும் அதிலுள்ள பொருட்களையும் காக்கத் தேவையான தொடர் பராமரிப்பைச் செய்ய வேண்டும் என்கிறது 1220. வழக்கமான நிர்வாகத்தைத் தாண்டிய பெரிய வேலை என்றால் ஆயரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல பங்குகளில் நிதிக்குழு என்பது திருவிழாக் கணக்குப் பார்க்கும் குழுவாக மட்டும் இருக்கிறது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஞாயிறு காணிக்கையிலிருந்தே செய்துகொள்ளலாம் என்பது முதல் யோசனை. நடுத்தரமான ஒரு பங்கில் காணிக்கை போகும் இடங்களைப் பாருங்கள்: மின்கட்டணம், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளைக்கும் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாருக்கும் சம்பளம், மெழுகுவர்த்தி, பூசைக்கான அப்பம், திராட்சை இரசம், பங்கு இல்லச் செலவு, மறைமாவட்டத்துக்கு அனுப்ப வேண்டிய தொகை. மீதம் இருந்தால் கூரைக்கு. மீதம் இருப்பதில்லை. ஓடு மாற்றுவது, தண்ணீர்க் குழாய் சரி செய்வது மாதிரி சில்லறை வேலைக்கு இது போதும், அதற்கு மேல் இதை நம்ப முடியாது.

இரண்டாவது தலைக்கட்டு வரி. குடும்பத்துக்கு இரண்டாயிரம், ஐயாயிரம் என்று ஒரே முறையாகப் போடுவது. வேகமாகப் பணம் சேரும், அவசரத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் நம் பங்குகளின் குடும்பங்கள் யார் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள், தீப்பெட்டி வேலை செய்கிறவர்கள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள். அரசு ஆசிரியர் வீட்டுக்கும் பீடி சுற்றும் அம்மா வீட்டுக்கும் ஒரே தொகை என்றால் அது சமமாகத் தெரியும், நியாயமாக இருக்காது. இதைவிட மோசமான பக்கம் ஒன்று உண்டு. வரி பாக்கி இருந்தால் திருமண ஓலை தரமாட்டோம், ஞானஸ்நானத்துக்கு முன்னால் பாக்கியைக் கட்டு என்று சொல்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஏழ்மையின் காரணமாக யாருக்கும் ஞானஸ்நானம், திருமணம் போன்ற அருளடையாளம் தவறிவிடக் கூடாது என்று சட்டத் தொகுப்பு 848-இல் தெளிவாகவே இருக்கிறது. கூரைக்காக ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தைப் பிடித்துவைக்கிற பங்கு அந்தக் கூரையின் கீழ் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. வரி போட்டே தீர வேண்டும் என்றால் கொடுக்க முடியாதவர் யார் என்பதை அந்தந்த அன்பியமே (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழு) முடிவு செய்யட்டும், பெயரை நோட்டீஸ் பலகையில் ஒட்ட வேண்டாம்.

மூன்றாவது, உபயதாரர்கள். நம் பக்கம் இராணுவத்தில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வெளிநாட்டில் செவிலியராக இருக்கும் பெண்கள், சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறியவர்கள் என்று ஊரை மறக்காதவர்கள் நிறையப் பேர் உண்டு. மனமுவந்து கொடுப்பார்கள். ஆனால் எதற்குக் கொடுப்பார்கள் என்பதில்தான் சிக்கல். கெபி (மாதா குகை) கட்ட, புதுச் சொரூபம் வைக்க, கிரானைட் பீடம் போட, நுழைவாயில் வளைவுக்கு என்றால் உடனே வரும், பெயர் பொறித்த பளிங்குக் கல்லும் கூடவே வரும். மொட்டை மாடியில் தண்ணீர் போகும் வழியைச் சரி செய்ய என்று கேட்டால் யோசிக்கிறார்கள். நம் பங்குகளைச் சுற்றி வந்தால் தெரியும், தரையெல்லாம் பளபளக்கும், அண்ணாந்து பார்த்தால் விட்டத்தில் கறையான் ஏறியிருக்கும். அதோடு, ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டும்தான் செலவிட வேண்டும் என்பது சட்டம் (1267-ஆம் எண்). கெபிக்கு வந்த பணத்தைக் கூரைக்குத் திருப்ப முடியாது, கூடாது. அதனால் உபயதாரரிடம் போகும் முன் வேலைப் பட்டியலை எழுதி, தொகையும் போட்டு, "இந்த மூன்றில் எதை எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்பது நல்லது. மூன்றுமே கூரை, வடிகால், மின்வயர் சம்பந்தப்பட்டதாக இருக்கட்டும். எங்கள் பக்கம் ஓர் இராணுவக் குடும்பம் முழு மின்வயரிங் மாற்றும் செலவை ஏற்றுக்கொண்டது. சுவருக்குள் போகிற வேலை, யார் கண்ணுக்கும் தெரியாது, ஆனாலும் முழுமனதோடு செய்தார்கள். கேட்கிற விதத்தில் கேட்டால் கிடைக்கும்.

வருமான வரி விலக்கு ரசீது கேட்பவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட வேண்டும். வழிபாட்டுக்காகக் கொடுக்கும் நன்கொடைக்குப் பொதுவாக அந்த வரிச் சலுகை கிடையாது. வரலாற்று, கலை முக்கியத்துவம் உள்ளது என்றோ மாநிலம் முழுக்கப் புகழ்பெற்ற வழிபாட்டுத் தலம் என்றோ மத்திய அரசு அறிவித்த கோயில்களின் சீரமைப்புக்குத்தான் அந்தச் சலுகை இருந்துவந்திருக்கிறது. சாதாரணப் பங்குக் கோயிலுக்கு அது பொருந்தாது. பள்ளி அறக்கட்டளை ரசீதைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நான்காவது, வெளிநாட்டு நிதி. ஐம்பது, அறுபது வருடம் முன்னால் பல சிற்றாலயங்கள் இப்படித்தான் எழும்பின. இப்போது நிலைமை வேறு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற ஒரு நிறுவனம் தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர முடியாது. பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. சமயப் பணிக்கென்று வாங்க இன்னும் இடம் இருக்கிறது, ஆனால் பங்கு நேரடியாக இதில் இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை. வெளிநாட்டில் குடியுரிமை வாங்கிவிட்ட நம் ஊர்க்காரர் அனுப்பும் பணமும் இந்தச் சட்டத்துக்குள் வரும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை செய்பவர் தன் சம்பளத்திலிருந்து அனுப்பினால் வராது. இந்த வித்தியாசம் தெரியாமல் பங்குக் கணக்கில் நேரே வாங்கிப் போட்டால் பிரச்சினை மறைமாவட்டத்துக்கே போய்விடும். ஆயர் இல்லப் பொருளாளரிடம் கேட்காமல் ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம்.

ஐந்தாவது, தமிழக அரசின் மானியம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப்பேருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களிலும் பலர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். சொந்தக் கட்டடத்தில் இயங்கும் கிறித்தவ தேவாலயங்களைப் பழுது பார்க்கவும் புனரமைக்கவும் 2016-17 முதல் அரசு நிதி தருகிறது. கட்டடத்துக்குக் குறைந்தது 10 வயது ஆகியிருக்க வேண்டும். ஆரம்பத்தில் 10 முதல் 15 ஆண்டுக் கட்டடத்துக்கு 1 இலட்சம், 15 முதல் 20-க்கு 2 இலட்சம், 20-க்கு மேல் 3 இலட்சம் என்று இருந்தது. பிறகு படிப்படியாக உயர்த்தி 10, 15, 20 இலட்சம் என்று ஆக்கினார்கள். விண்ணப்பம் மாவட்ட பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்துக்குப் போகும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு நேரில் வந்து பார்க்கும், பணம் தவணையாகக் கோயிலின் வங்கிக் கணக்குக்கு வரும். கூரை, சுவர் மட்டுமில்லாமல் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் போன்றவையும் பின்னால் சேர்க்கப்பட்டன.

இதில் இரண்டு நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். சீரமைப்பு வேலைக்கு வெளிநாட்டு நிதி வாங்கியிருக்கக் கூடாது, வாங்கவில்லை என்று சான்று தர வேண்டும். ஆக நான்காவது வழியும் ஐந்தாவது வழியும் ஒன்றுக்கொன்று ஆகாது. பாதி அங்கே பாதி இங்கே என்று திட்டம் போடும் பங்குகள் இதை முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். இன்னொன்று, ஒருமுறை வாங்கினால் மறுபடி கேட்க 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதனால் இந்த மானியம் வெள்ளையடிக்க வாங்குகிற பணமாக இருக்கக் கூடாது. பெரிய வேலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு முழு மதிப்பீடு போட்டு, அதற்கென்றே கேட்க வேண்டும்.

நடைமுறையில் இழுத்தடிப்பது எது தெரியுமா? பத்திரம். கோயில் நிற்கும் இடத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் பல கிராமங்களில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். எப்போதோ ஒரு குடும்பம் வாய்மொழியாகத் தானம் கொடுத்த இடமாக இருக்கும், சில இடத்தில் காலமாகி எத்தனையோ வருடமான ஒரு பழைய சாமியார் பெயரிலேயே ஆவணம் இருக்கும். கட்டடம் எப்போது கட்டியது என்பதற்கும் சான்று தேட வேண்டும். அர்ச்சிப்புக் கல்வெட்டு இருந்தால் இன்றைக்கே படம் எடுத்துவையுங்கள். பழைய திருமுழுக்குப் பதிவேட்டின் முதல் பக்கத்தையும் பாருங்கள், அந்தக் கோயில் எப்போதிலிருந்து இயங்குகிறது என்பதற்கு அது உதவும். மானியத்துக்குப் போகப் போகிறோமோ இல்லையோ, இந்தக் காகித வேலையை இந்த வருடமே முடித்துவிடுவது நல்லது. நாளைக்கு ஒரு சுற்றுச்சுவர்த் தகராறு வந்தாலும் இதுதான் கைகொடுக்கும்.

அரசுப் பணம் வாங்கலாமா என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. வாங்கினால் அரசு தலையிடும் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கணக்குக் கேட்பார்கள், பொறியாளர் வந்து அளந்து பார்ப்பார், அவ்வளவுதான். கணக்குக் கேட்பது நல்லதுதானே. காணிக்கைகளைப் பற்றி விசுவாசிகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று நம் சொந்தச் சட்டமே (1287) சொல்கிறது.

ஆறாவது, வாடகை வருமானம். பேருந்து நிலையம், கடைவீதி பக்கம் இடம் உள்ள பங்குகளுக்கு இது நல்ல வழி. சமுதாயக்கூடம், முன்பக்கம் நான்கு கடை. பதிவு பெற்ற அறக்கட்டளையின் பொது வழிபாட்டுத் தல வளாகம் என்றால் நாளுக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவான சமுதாயக்கூட வாடகைக்கும், மாதம் 10,000-க்குக் குறைவான கடை வாடகைக்கும் ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. ஆனால் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ஆயர் இல்லத்துக்குத் தெரிந்து செய்ய வேண்டும். நமக்கு வேண்டியவர்தானே என்று வாய்மொழியாகக் கொடுத்த கடையை இருபது வருடம் கழித்துத் திரும்பப் பெற முடியாமல் நீதிமன்றத்துக்கு நடக்கும் பங்குகள் இருக்கின்றன. கிராமப் பங்குக்கு இந்த வழி பெரும்பாலும் கிடையாது என்பதால் இதோடு விடுகிறேன்.

ஏழாவது, இடித்துக் கட்டுவது. இதைப் பற்றி எனக்குக் கோபமே வரும். நம் பகுதியில் நூறு வருடம் நெருங்கும் கோயில்கள் பலவும் மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்திரங்கள், அவற்றின்மேல் குறுக்குவாட்டில் நிறுத்தி அடுக்கிய சன்னச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி இறுக்கிய தளம், கடைசியாகத் தட்டோடு. சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில் அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்து பாருங்கள், புதிய கான்கிரீட் கோயிலில் உட்கார்ந்தும் பாருங்கள், வித்தியாசம் உடம்புக்கே தெரியும். அந்தச் சுவர்கள் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும் இயல்புள்ளவை. அதன்மேல் சிமெண்ட் பூசி, பளபளப்பான பெயிண்ட்டும் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, இரண்டு மழைக்குள் பொரிந்து வரும். அப்புறம் "சுவரே கெட்டுப்போச்சு, இடிக்கணும்" என்பார்கள். கெட்டது பூச்சு. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் இன்னும் இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள்.

பணக் கணக்கிலும் இடிப்பது பெரும்பாலும் தோற்கும். ஒரு கோயிலைப் புதிதாகக் கட்ட நம் பங்குகளுக்குப் பல வருடம் ஆகிறது, அதுவரை பந்தலில் பூசை, பாதியில் நிற்கும் கம்பிகள், கடன், மனக்கசப்பு. வழிபாட்டுத் தலம் கட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதியும் வாங்க வேண்டும், அது எவ்வளவு காலம் எடுக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆயரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். வேலூர்க் கோட்டை மாதிரித் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்துக்கு 100 மீட்டருக்குள் இருந்தால் புதுக் கட்டுமானத்துக்கே இடமில்லை, பழுது பார்க்கக்கூட அனுமதி வாங்க வேண்டும். அடித்தளம் இறங்கிவிட்டது, உத்திரம் முழுக்க உளுத்துவிட்டது என்று கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் கொடுத்தால் மட்டும் இதைப் பேசலாம். கூட்டம் கொள்ளவில்லை என்பது காரணம் என்றால் ஞாயிறு இன்னொரு பூசை வைப்பது எவ்வளவோ மலிவு.

அதே நேரம், பழையது என்பதற்காக ஆபத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அடுத்த மாதமே அந்தப் பக்கம் நில அதிர்வும் வந்தது. மறைக்கல்வி வகுப்புக்குப் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு மேலே காரை தொங்கிக்கொண்டிருந்தால் அதற்குக் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே கயிறு கட்டி அந்தப் பக்கத்தை அடைத்துவிட வேண்டும்.

எட்டாவதாக நான் பரிந்துரைக்கும் வழி, கட்டட நிதி என்று தனி வங்கிக் கணக்கு, அதில் மாதாமாதம் குடும்பங்களின் சிறு சந்தா. 300 குடும்பம் உள்ள பங்கில் மாதம் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், பாதிப்பேர்தான் ஒழுங்காகக் கொடுப்பார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 90,000 ரூபாய். ஐந்து வருடத்தில் நாலரை இலட்சம். இடிந்ததைக் கட்ட இது போதாது, இடியாமல் பார்த்துக்கொள்ள நன்றாகவே போதும். வசூல் அன்பியம் வழியாக நடக்கட்டும், மாதக் கூட்டத்தில் எப்படியும் சந்திக்கிறோம். திருவிழா மிச்சம் இருந்தால் அதில் ஒரு பகுதி இந்தக் கணக்குக்கு என்று கொடியேற்றத்துக்கு முன்பே தீர்மானம் போட்டுவிட வேண்டும், விழா முடிந்த பிறகு பேசினால் மிச்சம் எதுவும் இருக்காது. இந்தக் கணக்கிலிருந்து பட்டாசுக்கோ பந்தலுக்கோ கடனாகக்கூட எடுக்கக் கூடாது. ஒன்று மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: அறக்கட்டளை, சங்க வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்த ஆண்டே செலவிட வேண்டும் என்பது பொது விதி, அதற்கு மேல் குறிப்பிட்ட நோக்கத்துக்குச் சேர்த்துவைக்க முறையாக அறிவித்து 5 ஆண்டு வரை வைக்கலாம். மறைமாவட்டக் கணக்கோடு சேர்ந்து இது போகும் என்பதால் அவர்களுக்குத் தெரிவித்துத் தொடங்குவது அவசியம்.

பணம் இப்படி வந்தாலும் யார் பார்ப்பது என்ற கேள்வி நிற்கிறது. பங்குத்தந்தை ஒருவரே பார்ப்பது வேகமான வழி. சில சாமிமார் கட்டட வேலை நன்றாகத் தெரிந்தவர்கள், சாரத்தில் ஏறிப் பார்ப்பவர்கள். ஆனால் ஐந்து, ஆறு வருடத்தில் மாற்றல் வரும், புதிதாக வருபவருக்கு எந்தப் பக்கம் எப்போது பழுது பார்த்தது, எந்த வயர் எங்கே போகிறது என்று எதுவும் தெரியாது, பாவம் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். மொத்தமாக ஒரு ஒப்பந்தக்காரரிடம் விடுவதும் ஒரு வழி, அவருக்குத் தெரிந்த வேலையைத்தான் அவர் செய்வார், அது பெரும்பாலும் சிமெண்ட்டும் டைல்ஸும். என் கருத்தில் நிதிக்குழுவுக்குள் மூன்று பேர் கொண்ட கட்டடக் குழு வேண்டும். ஒருவர் கட்டட வேலை தெரிந்தவர், கொத்தனாராகவோ மேஸ்திரியாகவோ இருந்தாலே போதும். ஒருவர் கணக்குப் பார்க்க. ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், கோயிலைப் பெருக்கித் துடைத்து எந்த மூலையில் ஈரம் வருகிறது என்று முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான், அவர்களைக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. மூன்று பேரையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. எல்லா வேலையும், ரசீதும், படமும் ஒரு கோப்பில் இருக்க வேண்டும், அந்தக் கோப்பு பங்கு அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

இந்தக் குழு வருடத்தில் ஒருமுறை, ஆனி மாதத்தில், கோயிலைச் சுற்றி வந்தால் போதும். மாடியில் முதலில் பார்க்க வேண்டியது மணிக்கூண்டும் கூரையும் சேரும் மூலை. அங்கேதான் வேப்பிலையும் புறா எச்சமும் சேர்ந்து தண்ணீர் போகும் துவாரத்தை அடைக்கும், ஒழுகல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த ஒரு துவாரத்திலிருந்து வருவதுதான். பக்கத்திலேயே சுவர் இடுக்கில் ஒரு அரசங்கன்று முளைத்திருக்கும், விரல் அளவு இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும், வெட்டிவிட்டால் மறுபடி வரும், வேர் உள்ளே தடித்துச் சுவரைப் பிளந்துவிடும். உள்ளே வந்து ஒரு மூங்கில் கழியின் அடிப்பக்கத்தால் பூச்சைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாக இருக்கும் இடத்தில் டக் டக் என்று கேட்கும், சுவரை விட்டுக் கழன்ற இடத்தில் பானையைத் தட்டின மாதிரி பொள்ளென்று கேட்கும். அந்த இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டு, தேதி எழுதிப் படம் எடுத்துவைத்தால் அடுத்த வருடம் வட்டம் பெரிதாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இதற்கெல்லாம் காசே ஆகாது. இடிதாங்கியின் இணைப்பையும் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். தீ, புயல், வெள்ளத்துக்கான காப்பீடும் கட்டட நிதியிலிருந்தே எடுத்துவிடலாம். பிரீமியம் பெரிய தொகை இல்லை, ஆனால் தேய்மானத்தால் வரும் ஒழுகலுக்கு அது தராது என்பது தெரிந்திருக்கட்டும்.

ஆக, எந்தப் பங்குக்கு எது? நகரத்துப் பெரிய பங்கு என்றால் கடை வாடகையும் கட்டட நிதியும் போதும், அரசு மானியத்தைப் பெரிய கூரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். நடுத்தரக் கிராமப் பங்கு என்றால் மாதச் சந்தாதான் முதுகெலும்பு. பத்திரம் சரியாக இருந்தால் இந்த வருடமே மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம், உபயதாரர்களிடம் வயரிங், வடிகால் என்று பட்டியலோடு போகலாம். தலைக்கட்டு வரி அவசரத்துக்கு மட்டும்.

கிளைக் கிராமச் சிற்றாலயங்கள்தான் எனக்குக் கவலை. முப்பது குடும்பம், மாதம் ஒரு பூசை, சீமை ஓட்டுக் கூரை, எல்லாரும் கூலி வேலை. அவர்களிடம் தனி நிதி கேட்பது நடக்காது. பங்கின் கட்டட நிதியில் ஐந்தில் ஒரு பங்கைக் கிளைகளுக்கு என்று எழுதிவைத்து, ஆனி மாதச் சுற்றில் அந்தக் கோயில்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓடு மாற்ற ஆட்கள் அவர்களே வருவார்கள், ஓட்டுக்கும் ரீப்பருக்கும் பணம் நாம் கொடுக்கலாம். அந்த இடங்களுக்கும் பட்டா தேட வேண்டும், அங்கே விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துவிடுங்கள்.